வலப்பக்கக் கைப்பிடி

துண்டில் சுற்றிய ரீல் இடுப்பில் இடித்துக்கொண்டே வர, அன்று தி. நகர் தூண்டில் கடையிலிருந்து தேனாம்பேட்டை சிக்னல் வரை நடந்து வந்துவிட்டேன். கூட்டி வந்த டீச்சர் கோபத்தில் என்னை ஸ்கூட்டரில் ஏற்றாமலே போய்விட்டார். சாந்தோம் வரை நடப்பது எனக்குப் பெரிதல்ல. எட்டாம் வகுப்பில் பள்ளியை விட்டதிலிருந்து நடந்துகொண்டுதான் இருந்தேன். திருப்பூர் சாயப்பட்டறை, கோவை லேத்துப் பட்டறை, கோடம்பாக்கத்தில் சினிமா செட் ஆசாரிகளுக்கு எடுபிடி என்று அதுவரை எந்த இடத்திலும் இரண்டு வருடம் தங்கியதில்லை. கோவையில் பிரஸ் மெஷின் இடது கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் எடுத்துக்கொண்டது. கட்டுப் பிரித்த மறுநாள் சென்னைக்கு ரயில் ஏறினேன்.

டீச்சருக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. சாந்தோமில் பிறந்து, அங்கேயே ஒரு பள்ளியில் கணக்கு நடத்திக்கொண்டிருந்தவர். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முன்பு அடையாறு முகத்துவாரத்தில் பேண்ட்டை முழங்கால் வரை மடித்துவிட்டுக் கொடுவா மீனுக்குத் தூண்டில் வீசுவார். நானும் சற்றுத் தள்ளி நின்று வீசுவேன். பன்னிரண்டு பேரிங் என்று டப்பாவில் போட்டிருந்ததை நம்பி நான் வாங்கிய ரீல், இரண்டே மாதத்தில் உப்பு ஏறி இறுகிப்போனது. "பன்னெண்டு பேரிங்னா பன்னெண்டு எடத்துல துருப்பிடிக்கும்பா" என்றார். அப்படித்தான் பழக்கமானோம்.

எனக்காகப் படகுக்காரரிடம் பேசியவரும் அவர்தான். பெருங்குடிப் பக்கத்துக் கம்ப்யூட்டர் ஆட்களைச் சனி, ஞாயிறுகளில் கரையோரக் கடலுக்கு மீன்பிடிக்கக் கூட்டிப்போகும் படகு. கூடமாட இருக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. வருகிறவர்களில் பாதிப்பேர் தட்டை ரீல்தான் கொண்டுவருவார்கள். நூல் சுற்றிய ஸ்பூலைக் கட்டைவிரலால் அடக்கி வீச வேண்டிய வகை. அதனால் வேலைக்கு வருகிறவன் அதே மாதிரி சொந்த ரீலோடு வந்து, சிக்கு விழாமல் பத்து முறை வீசிக் காட்ட வேண்டும். செட் வேலை நின்றுபோயிருந்தது. மறுபடியும் ரயில் ஏறக் கூடாது என்று அந்த முறை முடிவு செய்திருந்தேன்.

கடையில் பளபளப்பானவற்றை எல்லாம் டீச்சர் ஒதுக்கிவிட்டார். உப்புத் தண்ணீருக்கென்று செய்தது, பேரிங்குக்கு மூடி உள்ளது, பெரிய கொடுவா இழுத்தாலும் தாங்கக்கூடியது என்று பார்த்துப் பார்த்து, மங்கிய சாம்பல் நிறத்தில் ஒன்றைப் பிடித்தோம். அதுவரை சண்டையில்லை. அதே ரீலில் கைப்பிடி இடப்பக்கம் இருப்பது ஒன்று, வலப்பக்கம் இருப்பது ஒன்று என இரண்டு இருந்தன.

"இடப்பக்கம் எடு. வலது கையால வீசுற, அதே கையால பிடிச்சுக்க, இடது கையால சுத்து. கை மாத்துற நேரத்துல மீன் போயிடும்."

"பிடிக்க மிச்சம் இருக்குற விரல் போதும் டீச்சர். சுத்தத்தான் போதாது."

"பத்து வருஷமா இதை வீசுறவ நானா, நீயா?"

கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் பிடித்துப் பார்த்தேன். இடப்பக்கக் கைப்பிடியின் குமிழ் என் கட்டைவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவே நழுவியது. மற்றதன் தட்டையான உடம்பு இடது உள்ளங்கையில், விரல்கள் இல்லாத அந்தப் பள்ளத்தில், அசையாமல் உட்கார்ந்தது. வலப்பக்கத்தையே வாங்கினேன். "நாளைக்கு அங்க போய் எம் பேரைச் சொல்லாத" என்று டீச்சர் ஸ்கூட்டரைக் கிளப்பினார். எனக்காக வாக்குக் கொடுத்தவர், கோபம் நியாயம்தான்.

பல வருடம் கழித்து, இப்போது அதே ரீலை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருக்கிறேன். பக்கத் தகட்டில் என் உள்ளங்கை படும் இடத்தில் மட்டும் பெயிண்ட் போய் உலோகம் தெரிகிறது. சென்னையை விட்டு நான் போகவேயில்லை.

ரீல் வாங்கிய மறுநாள் காலை, கரையில் படகுக்காரர் என் கையைப் பார்த்தார். "இன்னா நைனா, ரெண்டு வெரலை ஊட்லயே வெச்சிட்டு வந்துகீற?"

"கோயம்புத்தூர்ல வெச்சுட்டேண்ணா."

சிரிக்காமல், "வீசு" என்றார். ரீலைத் தூண்டில் கோலில் மாட்டினேன். ஆறு வீச்சு சுத்தமாகப் போனது. ஏழாவதில் காற்று எதிர்த்து அடித்தது, கட்டைவிரல் பிந்தியது, நூல் காக்காய்க்கூடாகச் சுருண்டது. தூரத்தில் டீச்சரின் ஸ்கூட்டர் நிற்பதை அப்போதுதான் கவனித்தேன். மணலில் உட்கார்ந்து, ரீலை இடது உள்ளங்கையில் பதித்து, வலது கையால் ஒவ்வொரு சுருக்காகத் தளர்த்தி இழுத்தேன். நிமிர்ந்தபோது படகுக்காரரின் பீடி அணைந்திருந்தது.

"கத்தி கேக்கவே இல்லியே நீ."

"அறுத்தா நூல் போயிடும்ணா. இன்னும் மூணு வீச்சு பாக்கி இருக்கு."

"வீச்சு கெடக்குது. வர்றவனுங்க பூரா சிக்கு போட்டுக்கினே கீறானுங்க. அதுக்கே பாதி நாள் பூடுது. ஏறி குந்து."

மூன்றையும் வீசிவிட்டுத்தான் ஏறினேன். டீச்சர் தண்ணீர் ஓரம் வரை வந்திருந்தார். "எம் பேரைச் சொன்னியா?"

"இல்ல டீச்சர்."

"சொல்லியிருக்கலாம்" என்றார்.

என் ரீலைக் கழற்றித் துண்டில் சுற்றி இடுப்பில் செருகினேன். அலையைத் தாண்டுவதற்குள், மீன்பிடிக்க வந்து முன்னால் உட்கார்ந்திருந்த கம்ப்யூட்டர்காரர் ஒருவர் சிக்குப் பிடித்த தன் ரீலைத் தயக்கத்தோடு நீட்டினார். இடது கையை விரித்தேன்.