ஒற்றை வரிக் கட்டியக்காரர்

“ஒத்த வரிங்க! பதினெட்டு வருசமா ஒத்த வரி! அதுக்கு ஒரு மீச, ஒரு தலப்பா, ரெண்டு பஸ்ஸு, எழுவது கொண்டை ஊசி வளைவு. நாயங்களா இது?”

மிளகுக் கொடிக்கு ஏணி சாத்தி ஏறும்போது, கீழே நிற்பவரிடம் மாதேஸ்வரன் இதைச் சொல்வார். குச்சிக்கிழங்கு லோடு ஏற்றும்போது லாரிக்காரரிடம் சொல்வார். யாரும் அகப்படாத நாளில் மாட்டிடம் சொன்னதை நானே கேட்டிருக்கிறேன். மாடு தலையை ஆட்டியது. இதை அவர் குரலில் பேசிக் காட்டுவதால்தான் எங்கள் பஸ்ஸில் எனக்கு ஜன்னல் சீட்டு கிடைக்கிறது. வித்தை பெரிதல்ல. கீழ்த்தாடையை முன்னால் தள்ளிக்கொண்டு, ‘ஒத்த’வை மூக்கில் தொடங்கி, ‘வரி’யை அடிவயிற்றில் முடிக்க வேண்டும்.

திண்ணனூர் நாட்டுக்காரர்; எங்கள் மலையில் நாலைந்து ஊர் சேர்ந்தால் ஒரு நாடு. வயது ஐம்பத்தாறு. ஆள் நிமிர்ந்து நின்றால் மிளகு மூட்டையை விட ஒரு சாண் உயரம், குரல் அப்படியில்லை. போனைக் கை நீட்டி எட்டப் பிடித்துத்தான் பேசுவார், மறுமுனைக்காரர் காதின் மேல் உள்ள இரக்கத்தால். நாடகத்துக்கான ஒட்டு மீசை, சட்டைப் பையில் ஒரு மாத்திரை டப்பாவுக்குள் தூங்கும். ஒற்றை வரிக்கு மீசை எதற்கு என்று மலை முழுக்க நியாயம் கேட்டுவிட்டு, பஸ் மலையிறங்கிக் காளப்பநாயக்கன்பட்டியைத் தொடுமுன் அதை ஒட்டிக்கொண்டுவிடுவார். ஊருக்குள் மீசையோடுதான் இறங்க வேண்டும். மீசை நனையாமல் டீ குடிக்க ஸ்ட்ரா கேட்ட ஒரே மனிதரும் அவர்தான்.

காளப்பநாயக்கன்பட்டிக் குழு மூன்று தலைமுறையாக ஆடிவரும் நாடகம் ‘செம்மலை வேந்தன்’. இப்போதைய வாத்தியார் குணசேகரன்; பகலில் உரக்கடை. மூன்றாம் காட்சியில் வேந்தன் போரில் விழுவான். கட்டியக்காரன் வந்து, “செம்மலை வேந்தர் சாய்ந்தார்!” என்று சொல்லிவிட்டுப் போவான். அதுதான் மாதேஸ்வரனின் வரி. நான்காம் காட்சி முழுக்க அரசி ஒருத்தியாகப் பிணத்தின் முன்னால் அழுவாள். சரியாக அந்த இடத்தில்தான் கூட்டம் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு கிளம்பும். பாட்டைக் குறைத்துப் பார்த்தார்கள், அரசியை மாற்றிப் பார்த்தார்கள். மூன்று தலைமுறையாகத் தீராத வியாதி அது.

தன் ஊரில் ஓர் ஆட்டம் போட வேண்டும் என்று மாதேஸ்வரன் வாத்தியாரை நச்சரித்துக்கொண்டே இருந்தார். புலம்பல் ‘பதினோரு வருச’த்தில் நின்ற காலம் அது.

“யோவ் மாதேசு, உங்க மலையில எவன்யா நாடகம் பாப்பான்? லாரிக்கு ஊத்தற டீசலுக்கு இங்கயே ரெண்டு ஆட்டம் போட்டரலாம்.”

“வந்து பாத்துப்போட்டுப் பேசுங்க வாத்தியாரே.”

“சரி, வாரேன். நூறு தலையாச்சும் இருக்கோணும். இல்லீன்னா உன்ற வரியைப் போன்ல புடிச்சு ஸ்பீக்கர்ல உட்ருவேன். நீயி மீசையோட ஊட்டுலயே இருந்துக்க.”

அதற்குப் பிறகு இரண்டு மாதம் மாதேஸ்வரன் வாயில் அந்தப் புலம்பல் வரவே இல்லை. உள்ள ஒரு வரியும் போய்விடுமோ என்ற பயம். குடிக்கத் தண்ணீர் கேட்கக்கூட மெதுவாகத்தான் கேட்டார். குரலைச் சேமிக்கிறாராம்.

2019, தை மாதம். நெல் அறுத்த அடுக்கு வயலில் மேடை. பனி இறங்குமுன் லாரி கீழே போய்ச் சேர வேண்டும் என்பதால் மதியம் இரண்டு மணிக்கே ஆட்டம். ஆனால் அது மிளகு பறிக்கும் பருவம். மலையில் பாதிப் பேர் மரத்தின் மேல் இருந்தார்கள். வாத்தியார் திரைக்குப் பின்னாலிருந்து விரல் விட்டு எண்ணினார். கைக்குழந்தையைச் சேர்த்து முப்பத்தேழு. அதில் நானும் ஒருவன். “ஸ்பீக்கர்தான்யா,” என்று அவர் சொன்னது முன்வரிசைக்கே கேட்டது.

மூன்றாம் காட்சி வந்தது. மேடை சின்னது; வேந்தனாக நடித்த லாரி டிரைவர் வேல்முருகன் விழுந்ததும் பாதி மேடை நிரம்பிவிட்டது. “எடமில்ல. அந்தப் பாறை மேல ஏறிச் சொல்லிக்க,” என்று வாத்தியார் கையைக் காட்டினார். கீழ்நாட்டுக்காரர். அது என்ன பாறை என்று அவருக்குத் தெரியாது.

எங்கள் பள்ளங்களில் போன் எடுக்காது. சாவு விழுந்தால் அந்தப் பாறையில் ஏறித்தான் கூவுவோம். காதில் ஒரு கை வைத்து, செத்தவர் வீட்டையும் பேரையும் நீட்டிக் கூவ வேண்டும். கேட்டவர் செய்துகொண்டிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு அடுத்த சரிவுக்குக் கூவிவிட்டுக் கிளம்பி வர வேண்டும். வந்தவர்களுக்குக் கூவியவர் வீட்டில் சோறு. கூவிய சாவை யாரும் திருப்பி எடுக்க முடியாது; செய்ய வேண்டியதைச் செய்துதான் தீர வேண்டும்.

மாதேஸ்வரன் பாறையில் ஏறினார். ஏறியதும் கை தானாகக் காதுக்குப் போனது. எங்களுக்கு முதுகைக் காட்டிப் பள்ளத்தைப் பார்த்துத் திரும்பினார்.

“செம்மலை ஊட்டு வேந்தரு... சாஞ்சுட்டாருங்கோ... ஓ... ஓ...”

முப்பத்தேழு பேருக்கும் மயிர் சிலிர்த்தது. எதிர்ச் சரிவிலிருந்து ஒரு குரல் அதை வாங்கியது. அதற்கப்பால் ஒன்று. பிறகு பைல் நாட்டுப் பக்கம், கொசு ரீங்காரம் போல இன்னொன்று. மாதேஸ்வரன் வாயைப் பொத்திக்கொண்டார். வரி போய் வெகுநேரம் ஆகியிருந்தது.

இப்போது கேட்டால் சொல்வார்: “மேடையில நின்னா மேடக் கொரலு வருது. பாறையில நின்னா பாறக் கொரலுதானுங்க வரும்?”

அரசி இரண்டாவது பாட்டை முடிப்பதற்குள் சரிவுகளில் தலைகள் தெரிந்தன. கோடித் துணியோடு பெண்கள், பறையோடு நாலு பேர், கடப்பாரையும் மண்வெட்டியுமாக இளவட்டங்கள். முன்னால் ஊர்த்தலைவரான ஊர்க்கவுண்டர், மூச்சு வாங்க. “பொணம் எங்கடா?”

அரசி வேல்முருகனைக் காட்டினாள். வேறென்ன செய்வாள்?

“நாடகங்க... ராசாங்க...” என்றார் மாதேஸ்வரன், பாறை மேலிருந்து. அந்தக் குரலை மட்டும் என்னால் இன்றுவரை பேசிக் காட்ட முடியவில்லை, அவ்வளவு சின்னது. பொய்ச் சாவு கூவியவனை அந்தப் பாறையில் மறுபடி ஏற விடமாட்டார்கள். வரியும் போனது, பாறையும் போகப்போகிறது.

ஊர்க்கவுண்டர் பிணத்தைப் பார்த்தார். பிணம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. பாறையைப் பார்த்தார்.

“கூவியாச்சில்ல? எந்த ஊட்டு ராசாவா இருந்தா என்ன, நம்ம பாறையில கூவுன பொணம். செய்யறதைச் செய்யுங்க.”

செய்தார்கள். வேல்முருகன் மேல் இருபது கோடித் துணி விழுந்தது. பறை முழங்கியது. பெண்கள் மேடையேறிச் சுற்றி உட்கார்ந்து அரசியின் தோளில் கை போட்டுக்கொண்டார்கள். அவள் பாட்டு முடிந்த இடத்தில், வந்த பெண்களில் மூத்தவளான சென்னம்மாள் ஒப்பாரியை எடுத்தாள். செம்மலை எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியாமல், அதன் மரம் மட்டை காடு கழனி எல்லாவற்றையும் சொல்லி அழுதாள். கேட்டுக்கொண்டே கிடந்த வேந்தனின் கண்ணோரம் நீர் வடிந்தது. சென்னம்மாள் முந்தானையால் துடைத்தாள். “அழுவாத சாமி. செத்த பொறவு அழுவக் கூடாது. அது எங்க வேல.”

ஒருவரும் எழுந்து போகவில்லை. நூறைத் தாண்டியதும் வாத்தியார் எண்ணுவதை நிறுத்திவிட்டு, திரையைப் பிடித்துக்கொண்டு தேம்பிக்கொண்டிருந்தார். நானூறு இருக்கும். வேந்தனைத் தூக்கி வயலை மூன்று சுற்றுச் சுற்றினார்கள். குழி மட்டும் வேண்டாம் என்று அவரே எழுந்து கும்பிட்டபோது எழுந்த சிரிப்பும் கைதட்டலும் பள்ளத்தில் போய் முட்டித் திரும்பி வந்தன.

மாதேஸ்வரனின் மனைவி கண்ணாயி நெல் வேகவைக்கும் கொப்பரையில் கிழங்கை அவித்துக்கொண்டே கேட்டார்: “ராசா செத்தா அரமனையிலதான சோறு போடோணும்? என்ற ஊட்டுல எதுக்குங்க?”

அதற்குப் பிறகு, கொரோனா ஆண்டு நீங்கலாக, ஒவ்வொரு தையிலும் குழு மலையேறுகிறது. கீழ்நாட்டிலிருந்து வேன் வைத்துக் கோடித் துணியோடு வருகிறார்கள். சேலத்தில் ஒரு மண்டபத்தில் மாதேஸ்வரன் அப்படியே கூவினார். மொத்தச் சனமும் எழுந்து நின்றது. பழைய நாடக நோட்டில், நான்காம் காட்சியின் ஓரத்தில் வாத்தியார் சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறார்: ‘இவ்விடம் ஊர் அழும்.’ மூன்று தலைமுறை கைபட்ட நோட்டில் ஏறிய ஒரே திருத்தம் அது.

புலம்பல் மட்டும் திரும்பி வந்துவிட்டது. ஆண்டுக்கு ஒன்று கூடுகிறது.

போன வாரம் குணசேகரன் தானே மலையேறி வந்தார். கட்டியக்காரனுக்குப் புதிதாக ஒரு காட்சி. ஆறு பக்க வசனம், முத்து முத்தான கையெழுத்து. மாதேஸ்வரன் ஆறு பக்கத்தையும் வாயசைத்துப் படித்தார். பிறகு மேல் தாளை எடுத்துக் கூம்பாகச் சுருட்டி, களத்தில் காய்ந்த மிளகில் இரண்டு கை அள்ளிப் போட்டு, வாயை மடித்து வாத்தியாரிடமே நீட்டினார்.

“பதினெட்டு வருசமா ஒத்த வரி, ஒத்த வரின்னு அழுதீங்களே மாமா!” என்றேன் நான், அவர் குரலிலேயே.

“அட போ கண்ணு! ஒத்த வரிக்கே மூணு நாடு எந்திரிச்சு வந்துச்சு. ஆறு பக்கம் பேசிப்போட்டா, வார சனத்துக்கெல்லாம் உங்கொப்பனா சோறாக்குவான்?”