எதிர்த் தரப்பு கொடுத்த ஸ்டெப்னி

நன்னிலம் பக்கம் அறுப்புக் கூலித் தகராறு உச்சத்தில் இருந்த நேரம் அது. முற்றிய நெல் வயலில் சாயத் தொடங்கியிருந்தது. தஞ்சாவூரில் கலெக்டர் முன்னால் பேச்சுவார்த்தை. மிராசுதார்கள் சார்பில் என் அப்பா போனார்; அம்பாசடரை நான் ஓட்டினேன்.

பாதி வழியில் டயர் வெடித்தது. வாழைத்தார் ஏற்ற டிக்கியில் இடம் போதவில்லை என்று, முந்தின நாள்தான் ஸ்டெப்னியை வீட்டில் இறக்கி வைத்திருந்தேன்.

"பதினோரு மணிக்கு நாம இல்லேன்னா பேச்சே முறிஞ்சிடும்டா" என்றார் அப்பா.

அப்போது சிவப்புக் கொடி கட்டிய வாடகை அம்பாசடர் ஒன்று பின்னால் வந்தது. உள்ளே எங்கள் வயலில் நடவு செய்யும் ராசம்மாளும், கூலியாட்கள் சார்பில் அதே பேச்சுவார்த்தைக்குப் போகும் சங்கத்துக்காரர்களும் இருந்தார்கள். சிரித்துவிட்டுப் போவார்கள் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கார் நின்றது.

ராசம்மாள் இறங்கி வந்து பார்த்தார். "டிரைவர் தம்பி, நம்ம ஸ்டெப்னிய எடுத்துக் குடுங்க."

"இவங்களுக்கா?" என்றார் டிரைவர்.

"அவங்க வராம நாம யார்கிட்ட கூலி கேக்குறது? நெல்லு கொட்டிப் போச்சுன்னா ரெண்டு பக்கமும்தான் நட்டம்."

அவர்கள் ஜாக்கி போட, நான் சக்கரத்தைக் கழற்றினேன். அப்பா நட்டுகளைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டார். பத்தே நிமிடத்தில் இரண்டு கார்களும் ஒன்றன்பின் ஒன்றாகப் பறந்தன. எனக்கு ஏனோ சந்தோஷமாக இருந்தது. பதினோரு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கலெக்டர் ஆபீஸ் படியேறினோம். அன்று மாலையே கூலி முடிவானது; மறுநாள் அறுப்புத் தொடங்கியது.

அவர்கள் டயர் வெடித்து நின்றிருந்தால் நான் வண்டியை நிறுத்தியிருப்பேனா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். நிறுத்தியிருக்க மாட்டேன்.