தோல் மட்டுமா, தசையும் சேர்த்தா?

வயிற்றுத் தசையைத் தைத்துவிட்டால் சினிமா நாயகனைப் போல எனக்கும் கட்டுக்கட்டாக வயிறு வந்துவிடும் என்று நம்பினேன். ஐம்பது தாண்டிய, பம்புசெட் உதிரிபாகம் விற்கிற ஒரு மனிதன், ஆர்.எஸ்.புரத்து மருத்துவமனை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு இதை முழுமனதாக நம்பினான். மாதிரிக்குப் போனில் ஒரு படம்கூட எடுத்து வைத்திருந்தேன். நல்லவேளை, டாக்டரிடம் காட்டவில்லை.

சர்க்கரை ஏறியிருக்கிறது என்றதும் பயந்துபோய் நடையாய் நடந்து, சோற்றைக் குறைத்து, பாதி ஆளாகியிருந்தேன். கொழுப்பு போய்விட்டது. அதைச் சுற்றியிருந்த தோல் மட்டும் போக மாட்டேன் என்றது. காலிச் சாக்கு மாதிரி தொடைவரை தொங்கியது. மடிப்புக்குள் வேர்த்துப் புண்ணாகி, கோடை முழுக்கப் பவுடரும் களிம்புமாகத் திரிந்தேன். அதை வெட்டி எடுப்பது என்று முடிவாகிவிட்டது. அதுவரைக்கும் குழப்பம் இல்லை.

டாக்டரம்மா என்னைப் படுக்க வைத்து, தலையை மட்டும் தூக்கச் சொன்னார். வயிற்றின் நட்டநடுவே வரப்பு மாதிரி ஒரு மேடு எழும்பியது. விரல்களை வைத்து அழுத்தினார். உள்ளே போயின.

"இங்க ரெண்டு பக்கமும் மேலிருந்து கீழா தசை ஓடுதுங்க. குண்டா இருந்தப்ப ரெண்டும் விலகிப்போச்சு. தோலை எடுக்கறப்பவே இதையும் இழுத்துச் சேர்த்துத் தைச்சுக்கலாம். தைக்கலைன்னாலும் ஆபத்தில்லீங்க, குடலிறக்கம் இல்லைன்னு ஸ்கேன்லயே தெரியுது. ஆனா இந்தப் புடைப்பு அப்படியே இருக்கும். முதுகு வலிக்குதுன்னீங்களே, தைச்சா அதுக்கும் கொஞ்சம் நல்லதா இருக்கலாம். உறுதியாச் சொல்ல மாட்டேன்."

"தைச்சா, இந்தப் படத்துல எல்லாம் வர்ற மாதிரி ஆகுமுங்களா?"

"அதுக்கு நீங்க ஜிம்முக்குப் போகோணுங்க."

கூட வந்திருந்த என் மனைவி சுவரைப் பார்த்துச் சிரித்தாள்.

"இன்னொண்ணுங்க," என்றார் டாக்டரம்மா. "தோல் மட்டும்னாலே ஒரு மாசத்துக்குக் கனம் தூக்கக் கூடாது. தசையும் தைச்சா மூணு மாசம். வலியும் ஜாஸ்தி. வீட்டுல தூக்கற வேலை ஏதாச்சும் இருக்குதுங்களா?"

மனைவியின் சிரிப்பு நின்றது.

எங்கள் வீட்டில் தூக்கற வேலை என்றால் அது என் மாமனார். காரமடையில் தனியாக இருந்தவர், பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துபோன பிறகு எங்களோடு இருக்கிறார். கட்டிலிலிருந்து சக்கர நாற்காலி, நாற்காலியிலிருந்து குளியலறை, திரும்பக் கட்டில். மகள் குளிப்பாட்டக் கூடாது, வெளியாள் கை படக் கூடாது என்று சொல்லிவிட்டார். ஆம்பளை நர்ஸ் இரண்டு பேரை வரவழைத்தோம். "உங்களுக்கு எதுக்குங்க சிரமம், காப்பி குடிச்சுப்போட்டுப் போயிட்டு வாங்க" என்று இரண்டு பேரையும் மரியாதை குறையாமல் அனுப்பிவைத்தார். மிச்சம் நான்.

எங்கள் பக்கத்தில் மாமனாருக்கு மாப்பிள்ளை என்றால் பாதி சாமி. என் முன்னால் அவர் காலை நீட்டி உட்கார்ந்ததில்லை. என் செருப்புச் சத்தம் கேட்டால் துண்டைச் சரிசெய்துகொள்வார். அப்படிப்பட்டவரைத்தான் தினமும் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கிக்கொண்டிருந்தேன்.

"சிரமமுங்களா மாப்ளை?"

"அதெல்லாம் இல்லீங்க மாமா."

சிரமம்தான் என்று அவருக்குத் தெரியும். தெரியும் என்பது எனக்கும் தெரியும். வேலை முடிந்ததும் இரண்டு பேரும் மூச்சு வாங்கிக்கொண்டு, ஆளுக்கொரு பக்கம் பார்த்தபடி மரியாதையாக உட்கார்ந்திருப்போம்.

ஒரு மாதமா, மூன்று மாதமா? கேள்வி அவ்வளவுதான். உட்கார்ந்து யோசித்தால் முடிந்துவிடும். நான் கடையில் உட்கார்ந்து வீடியோ பார்த்தேன். தசையைத் தைத்தவர்கள் இருமும்போதும் தும்மும்போதும் வயிற்றில் தலையணையை அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டுமாம். எனக்கோ தும்மல் வந்தால் வரிசையாக வரும். நான் தும்மித் தும்மி உள்தையல் ஒவ்வொன்றாகத் தெறிப்பதைக் கற்பனை செய்து, வாஷர் கேட்டு வந்தவருக்கு வால்வைக் கொடுத்தேன். ஒருநாள் வீட்டுக் கூடத்தில் தலையணையை வயிற்றோடு கட்டிக்கொண்டு, குனிந்தபடி தும்மிப் பழகிக்கொண்டிருந்தபோது மனைவி வந்துவிட்டாள்.

"ஏனுங்க, இன்னும் வெட்டவே இல்லீங்களே."

"ஒத்திகை."

நாற்காலியில் சாய்ந்தாள். இரண்டு நோயாளிகளுக்கு நடுவே வாழ்கிற களைப்பு முகத்தில் இருந்தது. அதில் ஒரு நோயாளிக்கு இன்னும் நோயே வரவில்லை.

"தோல் மட்டும் போதும்," என்றேன். "ஒரு மாசம்தானே, உன் தம்பி லீவு போட்டு வந்து பாத்துக்கட்டும். மூணு மாசம்னா யாரு தூக்கறது?"

"உங்க முதுகு?"

"அது பின்னாலதானே இருக்குது. நான் எங்க பாக்கப்போறேன்."

"எதுக்கெடுத்தாலும் ஒரு கேலி. கேட்டுக் கேட்டுச் சலிச்சுப்போச்சுங்க எனக்கு," என்று எழுந்து போனாள்.

மாமாவிடம் எதையும் சொல்லவில்லை. இந்த வயதில் மாப்பிள்ளை வயிற்றைச் சுருக்கிக்கொள்ளப் போகிறார் என்று மாமனாரிடம் எந்த முகத்தோடு சொல்வது?

அந்த வாரம் மாமா சரியாகச் சாப்பிடவில்லை. இட்லியைப் பிட்டு வைத்துவிட்டு, "போதும் அம்மணி, பசியில்லை" என்பார். வெயில் காரணமாக இருக்கும் என்று நினைத்தோம். ஒருநாள் காலையில் தூக்கி நிறுத்தியதும் அவர் கண் செருகியது. ஆள் அப்படியே என்மேல் சரிந்தார். விடாமல் பிடித்துத் திருப்பியதில் என் முதுகு பிடித்துக்கொண்டது. இரண்டு பேரும் ஒரே கட்டிலில் விழுந்தோம்.

மனைவி ஓடிவந்து அவர் முகத்தில் தண்ணீர் தெளித்து, கண் திறந்ததும் ஊட்டிவிட்டாள். கொஞ்சம் தெளிந்ததும், "ஏனுங்கப்பா இப்படிப் பட்டினி கிடக்கறீங்க?" என்று கேட்டாள்.

நான் பக்கத்திலேயே கிடந்தேன். அவர் மகளைப் பார்த்தே பதில் சொன்னார்.

"மாப்ளை என்னைத் தூக்கி உட்கார வெச்சதும் வயித்தைப் புடிச்சுக்கறாரு அம்மணி. அன்னைக்கு நீங்க கூடத்துல பேசினதும் கேட்டுது. நான் கனமில்லாம இருந்தா அவருக்கு லேசா இருக்குமேன்னுதான்."

அவர் பக்கம் திரும்பப் பார்த்தேன்; முதுகு ஒத்து வரவில்லை. கூரையைப் பார்த்தே சொன்னேன். 

"மாமா, நான் வயித்தைக் காயப்போட்டதுலதானுங்க இந்தத் தோலே தொங்குது. நீங்களும் ஆரம்பிச்சீங்கன்னா டாக்டரம்மா நம்ம ரெண்டு பேத்தையும் சேர்த்து வெட்டோணும்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு சிரித்தார். அந்தத் தைரியத்தில் சட்டையைத் தூக்கிக் காட்டினேன். தோலைக் காட்டி, தலையை உயர்த்தி நடுவில் எழும்பும் மேட்டையும் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

"ரெண்டையும் சேர்த்தே தைச்சுப்போட்டு வாங்க மாப்ளை. அந்த நர்சுங்கள்ல ஒருத்தரை வரச் சொல்லுங்க."

"வெளியாள் கை படக் கூடாதுன்னீங்களே மாமா?"

அவர் துண்டைச் சரிசெய்துகொண்டார்.

"உங்க கை படறதுதானுங்க எனக்கு இன்னும் கூச்சம்."

தோலை வெட்டி, தசையையும் சேர்த்துத் தைத்தார்கள். வலித்தது. மூன்று மாதம் கழித்து, இனிமேல் கனம் தூக்கலாம் என்று டாக்டரம்மா சொன்னார். வீட்டுக்கு வந்து மாமாவிடம் சொன்னேன். பக்கத்தில் நின்ற நர்சைக் காட்டி, "இருக்கட்டுங்க மாப்ளை, இவரே பழகிப்போச்சு" என்றார். இப்போது தினமும் காலையில் அவரைத் தூக்குவது நர்ஸ்தான். சக்கர நாற்காலி நகராமல் பிடித்துக்கொள்வது என் வேலை.