கூப்பிடு தூரத்தில் ஒரு வீடு

வீட்டு புரோக்கர் தொழிலில் சாவியைத் திருப்புவது ஒரு நிமிட வேலை. குடிவருகிறவர் மனதில் இருக்கும் வீடு எது என்று தெரிந்துகொள்ளத்தான் செருப்புத் தேய்கிறது. பெங்களூரில் வாடகை வீடு தேடி அலைந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. நீங்கள் அலைந்தபோது உங்களுக்கு இரண்டடி முன்னால் நடந்து போனாளே ஒரு கிழவி, அது நான்தான்.

செல்வம் பதினோரு வருடம் லைனில் லாரி ஓட்டியவர். நாக்பூர், இந்தூர் என்று கிளம்பினால் திரும்ப இருபது நாள் ஆகும். இப்போது பொம்மசந்திராவில் லோக்கல் ஓட்டம் கிடைத்திருக்கிறது. சம்பளம் லைனைவிட ஒரு படி மேல். சாயங்காலம் நாலு மணிக்கு வண்டியை ஷெட்டில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம். ராத்திரிச் சோற்றை மனைவி கலாவோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பதற்காகவே அந்த வேலையைப் பிடித்தார். அதற்கு எங்கே குடியிருப்பது? அந்தக் கேள்வியோடு என்னிடம் வந்தார்கள்.

தெருவைப் பார்த்தவர்

முதல் வீடு ஜீவனஹள்ளியில். கலா நேராக உள்ளே போய்க் குழாயைத் திறந்து பார்த்தாள். செல்வம் தெருவிலேயே நின்று கரண்ட் கம்பியின் உயரத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு தெருமுனை வரைக்கும் போய், வளைவைக் காலடி வைத்து அளந்தார். "பெரிய வண்டி திரும்பாதும்மா" என்றார், துக்கம் விசாரிக்கிற குரலில்.

லாரி இங்கே வரப்போவதே இல்லை, அது ஷெட்டில்தான் தூங்கும் என்று எடுத்துச் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு ஸ்பீட் பிரேக்கர்களை எண்ணக் கிளம்பிவிட்டார். கலா ஜன்னல் வழியாகக் கத்தினாள்: "யோவ், குடிவரப் போறது நாம. உன் லாரி இல்ல!"

காக்ஸ் டவுன் பரீட்சை

அடுத்தது காக்ஸ் டவுனில் ஒரு பழைய வீட்டின் பின்பக்கம். வேப்பம்பூ கொட்டிக் கிடந்த வாசல்; வாடகை கொடுக்காமல் நான் கொஞ்ச நேரம் அங்கே வாழ்ந்துகொண்டேன். வீட்டுக்காரம்மா ரிட்டயரான டீச்சர். செல்வத்தை எதிரே உட்காரவைத்துக் கேள்வி கேட்டார். குடிப்பீர்களா? "டீ மட்டும், மேடம்." காலையில் எத்தனை மணிக்குக் கிளம்புவீர்கள்? "நாலு மணிக்கு."

காலையில் கொஞ்ச நேரம்தான் ஊருக்குள் லாரியை விடுவார்கள், அதற்குள் லோடு இறக்க வேண்டுமென்றால் ஐந்து மணிக்கே ஷெட்டில் இருக்க வேண்டும் என்று செல்வம் பொறுமையாக விளக்கினார். டீச்சர் வாசலில் நின்ற அவருடைய பைக்கை எட்டிப் பார்த்தார். சைலன்சரைப் பார்த்தார். பிறகு அன்பாகச் சொன்னார்: "தம்பி, கேரக்டர்ல நீங்க நூத்துக்கு நூறு. டைமிங்லதான் ஃபெயில்."

சுவருக்கு அந்தாண்டை

அதனால் பொம்மசந்திராவுக்கே போனோம். ஷெட்டின் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி ஒரு வீடு. நாலரைக்கு எழுந்தால் போதும். தன் வண்டியை வேறு யாராவது நகர்த்தினால் படுத்தபடியே சத்தத்தில் கண்டுபிடித்துவிடலாம். செல்வத்துக்குச் சொர்க்கம். எனக்கும் பெருமை தாங்கவில்லை. அன்று வீட்டுக்குப் போய்ப் பாயசம் வைத்தேன், ஒரு ஆளுக்கு.

இரண்டே மாதத்தில் கலா என் வாசலில் நின்றாள். எந்த டிரைவர் லீவு போட்டாலும் சூப்பர்வைசர் சுவருக்கு மேலே தலையை நீட்டுகிறாராம்: "செல்வம், ஒந்தே ட்ரிப்பு!" ஒரே ஒரு ட்ரிப்புதானே என்று, முடியாது என்று சொல்லத் தெரியாத மனிதர் பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போகிறார். அவள் அழவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்: "லைன்ல போனப்ப இருபது நாள் கழிச்சு வருவாருன்னாவது தெரியும்மா. இப்ப சுவத்துக்கு அந்தாண்டதான் இருக்காரு, எப்ப வருவாருன்னே தெரியல."

வீட்டின் குறை

இந்த முறை நிபந்தனை கலாவுடையது. அரைமணியில் வேலைக்குப் போய்ச் சேர வேண்டும். கூப்பிட்டால் மட்டும் காது கேட்கக் கூடாது. ஆனேக்கல் பக்கம் ஒரு கல்வீடு காட்டினேன். நல்ல தண்ணீர், நல்ல காற்று. குறையைக் கடைசியில் சொல்வது எங்கள் தொழில் தர்மம். அடுப்படியெல்லாம் பார்த்து முடித்த பிறகு மெல்ல ஆரம்பித்தேன்: "உள்ளே போனுக்கு டவர் கிடைக்காது. பேச வேண்டுமென்றால் மொட்டை மாடிக்குத்தான் போகணும்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். செல்வம் போனைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு அறை அறையாக நடந்தார். அந்த மனிதர் ஒரு வீட்டை உள்ளே வந்து பார்த்தது அன்றைக்குத்தான். "சாப்பிடற இடத்துல?" என்று கேட்டாள் கலா. "ஒரு கோடு கூட இல்ல!" என்றார் அவர், லாட்டரி விழுந்ததுபோல. கலா என் கையிலிருந்து சாவியை வாங்கிக்கொண்டாள். செல்வம் அந்தக் கல்சுவரைத் தட்டிக் கொடுத்தபடி சொன்னார்: "எனக்கு முடியாதுன்னு சொல்ல வராதும்மா. இனிமே வீடே சொல்லிடும்."

ஒரு வீட்டை அதன் குறைக்காகவே விரும்பிக் குடிவந்தவர்கள் என் அனுபவத்தில் இவர்கள் மட்டும்தான். என் வீட்டில் எல்லா மூலையிலும் டவர் நன்றாகக் கிடைக்கிறது, போன் அடிப்பதுதான் அபூர்வம்.