கிளம்பிடுச்சு, வந்துக்கிட்டே இருக்கு

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் பார்சல் ஆபீசில் கவுண்டர்காரரைப் போன்ற பொறுமைசாலியை யாரும் பார்த்திருக்க முடியாது. கண்ணாடித் தடுப்பின் ஓட்டை வழியாக நாள் முழுக்க ஜனங்கள் அவர்மேல் எரிந்து விழுவார்கள். எல்லோருக்கும் ஒரே கேள்வி, எப்போ வரும்? அவரிடமும் ஒரே பதில்தான் இருந்தது. "கிளம்பிடுச்சுங்க, வந்துக்கிட்டே இருக்கு." சொல்லும்போது குரலில் வெண்ணெய் வழியும். கேட்டவர் பாதிக் கோபத்தை அங்கேயே போட்டுவிட்டுப் போய்விடுவார். அதனால் நாற்காலியை விட்டு எழுந்து, உள்ளே கிடங்கில் பார்சல் கிடக்கிறதா என்று பார்க்கும் சிரமம் அவருக்கு வந்ததே இல்லை.

இந்தச் சாதுதான் வீட்டுக்குப் போனதும் 'கடைசி வாள்' ஆகிவிடுவார்.

அதற்குக் காரணம் அவர் மகள். கல்லூரிக்குப் போக ஆரம்பித்த நாளிலிருந்து அவள் அப்பாவிடம் "ம்", "சரி", "தெரியாது" என்ற மூன்றைத் தவிர வேறெதையும் செலவழிப்பதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் டிவியில் ஏதோ ஜப்பானிய அனிமே கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தாள். வாள்வீரன் ஒருவன் தொலைந்துபோன தன் குதிரையைத் தேடி நாடு நாடாக அலையும் கதை. பேச்சு ஜப்பானிய மொழியில் இருந்தாலும் கீழே தமிழில் எழுத்து ஓடியது. இவர் சோபா ஓரத்தில் பட்டும் படாமலும் உட்கார்ந்து, "குதிரை கெடைச்சுதாம்மா?" என்று கேட்டுவைத்தார். மகள் படத்தை நிறுத்தி, முதல் பாகத்திலிருந்து முழுக் கதையையும் கைகால் ஆட்டிச் சொன்னாள். மனிதர் சொக்கிப்போனார். அன்றிலிருந்து ஞாயிறு மதியம் இருவருக்கும் சொந்தம். அந்தக் குதிரை கிடைக்காமல் இருக்கும்வரை தனக்கு ஒரு மகள் உண்டு என்று அவர் கணக்குப் போட்டுவைத்திருந்தார்.

தமிழ் எழுத்தைப் போடுவது கம்பெனி எதுவுமில்லை. 'மொட்டைமாடி' என்ற பெயரில் யாரோ ஒருவர் ஆசைக்குச் செய்து, இணையத்தில் ஒரு குரூப்பில் சும்மா கொடுத்துக்கொண்டிருந்தார். அந்தக் குரூப்பில் கவுண்டர்காரரும் மகளுக்குத் தெரியாமல் 'கடைசி வாள்' என்று பெயர் வைத்துக்கொண்டு நுழைந்தார். ஒரு வாரம் பாகம் வரவில்லை. "எப்போ?" என்று மரியாதையாகத்தான் ஆரம்பித்தார். அடுத்த வாரமும் வரவில்லை. "முடிக்க முடியாதவங்க எதுக்கு ஆரம்பிக்கணும்?" என்றார். "எங்க நேரத்துக்கு மதிப்பே இல்லையா?" என்றார். பகலெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டதை வட்டியோடு அங்கே இறக்கினார் என்றுதான் சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் மொட்டைமாடியின் பதில் ஒன்றுதான்: கிளம்பிடுச்சு, வந்துக்கிட்டே இருக்கு. இந்த மழுப்பலைக் கண்டால் அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதே என்றுகூடத் தோன்றவில்லை.

அவர் மனைவிக்கு மட்டும் விஷயம் தெரியும். ஓசியில் வாங்கியதற்கு ரசீது கேட்டுச் சண்டை போடும் ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்று அவள் சொன்னாள். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மகள்தான் சாப்பாட்டு மேசையில், தெரியாமலே அவரை மாட்டிவிட்டாள். "குரூப்புல கடைசி வாள்னு ஒரு வெட்டி ஆளு இருக்கான்பா. மொட்டைமாடியைப் போட்டுப் பிடுங்கி எடுக்கறான். அவங்க இதோட நிறுத்திட்டாங்கன்னா அவன்தான் காரணம். மூஞ்சியைக் கூடப் பாக்கப் பிடிக்கலை அந்த மாதிரி ஆளுங்களோட." மனைவி குனிந்து தட்டையே பார்த்தாள். கவுண்டர்காரர் வாயிலிருந்ததை மென்றார், மென்றார், மென்றுகொண்டே இருந்தார்.

மறுநாள் ஆபீசில் கூட்டமில்லாத நேரத்தில் போனைத் திறந்தார். மொட்டைமாடி விளக்கம் எழுதியிருந்தார். ரிப்பேருக்கு வெளியூர் போன லேப்டாப் திரும்பி வரும் வழியில் பார்சல் ஆபீசில் எங்கோ மாட்டிக்கொண்டது, செய்துவைத்த பாகமும் அதற்குள்தான் இருக்கிறது, இந்தப் பேச்சையெல்லாம் கேட்டபின் மேற்கொண்டு செய்வதா என்று யோசிக்கிறேன். கவுண்டர்காரர் பதறிப்போனார். பதறினாலும் வாள் வாள்தானே. "அந்த ஆபீஸ் நம்பரைக் கொடுங்க, அவங்களை நான் பேசிக்கறேன்" என்று எழுதினார்.

எல்லோரும் பார்க்கிற மாதிரி குரூப்பிலேயே நம்பர் வந்தது. அது அவர் மேசையிலிருந்த போனின் நம்பர்.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. அதற்குள் போன் அடித்தது. குரூப்பில் யாரோ. வைத்ததும் மறுபடி அடித்தது, இன்னொருவர். தலையில் கொட்டுவதுபோல் எல்லோரும் கேட்டது ஒன்றுதான். எப்போ? வாயில் பழைய பதில் வந்து நின்றது. ஆனால் வெளியே வரவில்லை. ரிசீவரை எடுத்துக் கீழே வைத்துவிட்டு எழுந்து கிடங்குக்குள் போனார். விலாசம் கிழிந்த பார்சல்களைப் போடும் மூலையில், சைக்கிள் டயர்களுக்கு அடியில், பேர் கிழிந்து, 'லேப்டாப்' என்பதும் கதவு நம்பரும் தெருவும் மட்டும் மிஞ்சிய பாதி ஒட்டுத்தாளோடு அது கிடந்தது. இத்தனை நாளும் அவர் நாற்காலிக்கு நேர் பின்னால்தான் கிடந்திருக்கிறது. அவருக்கு வெட்கமாக இருந்தது.

பார்சலைத் தானே எடுத்துக்கொண்டு போனார். மாடியில் ஒற்றை அறை. மொட்டைமாடி, பல் செட் செய்யும் லேபில் வேலை பார்க்கும் ஒரு பெண்; வேலையை வீட்டுக்கும் கொண்டுவந்திருந்தாள். மேசை நிறைய மெழுகுப் பல்வரிசைகள், அத்தனையும் அவரைப் பார்த்து இளித்தன. அவர் வாயைத் திறந்ததுமே அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"கவுண்டர் அண்ணன்தானே? தினமும் போன்ல கேட்ட குரலாச்சே. நான் எத்தனை தடவை கேட்டும் நீங்க ஒருநாளும் எரிஞ்சு விழலை. எங்க குரூப்புல ஒருத்தர் என்னை அப்படித்தான் எப்போ எப்போன்னு துளைக்கறார். என்ன சொல்றதுன்னு தெரியாம நீங்க சொல்றதையே அவருக்குச் சொல்லிட்டு வந்தேன்."

மன்னிப்புக் கேட்கத்தான் அவர் படியேறி வந்திருந்தார். பார்சலை அவள் கையில் கொடுத்தார். யாரோ திட்டுவதற்காகவா இதையெல்லாம் செய்கிறாய் என்று மட்டும் கேட்டார்.

"நானும் கேக்காம எடுத்துத்தான் செய்யறேன் அண்ணா. அந்தப் படத்தை வரைஞ்சவங்க வந்து திட்டினா தலையைக் குனிஞ்சுக்கிட்டுக் கேட்டுக்குவேன். முறையாத் தமிழ்ல வந்துட்டா அன்னிக்கே எடுத்துடுவேன். ஆனா இவங்க எந்த உரிமையில திட்டறாங்கன்னுதான் புரியலை."

ஞாயிறு மதியம் பாகம் வந்தது. மகளும் அவரும் சோபாவில். குதிரையின் குளம்படி தெரிகிற இடத்தில் திரையின் மேல் மூலையில் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு ஓடியது. லேப்டாப்பைத் தேடிக் கையோடு கொண்டுவந்து கொடுத்த கவுண்டர் அண்ணனுக்கு நன்றி, அடுத்த பாகம் உண்டா என்று தெரியவில்லை.

"பாருங்கப்பா," என்றாள் மகள். "உலகத்துல இப்படியும் ஒருத்தர் இருக்கார், கடைசி வாள் மாதிரியும் ஒருத்தன் இருக்கான்."

நன்றியை மட்டும் எடுத்துக்கொண்டு சும்மா இருந்துவிட அவருக்கு எவ்வளவு ஆசை. பார்சல் ஆபீஸ், கவுண்டர் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மகள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுவாள். வாயைத் திறந்தும்விட்டார்.

"ரெண்டும் நான்தாம்மா."

மகள் படத்தை நிறுத்தினாள். குதிரை ஒரு காலைத் தூக்கியபடி நின்றது. அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். அவள் எழுந்து போய்விடுவாள் என்று அவர் பயந்தார். அவள் போனை எடுத்து அவர் கையில் திணித்தாள்.

"மன்னிப்பு எழுதுங்க. கடைசி வாள் பேர்லயே, எல்லாரும் பாக்கற மாதிரி. அப்புறம்தான் மீதி."

அவர் ஒற்றை விரலால் தட்ட ஆரம்பித்தார். எழுதினார், அழித்தார், மறுபடி எழுதினார். கோபத்தில் எழுதும்போது விரல் எவ்வளவு வேகமாக ஓடியது என்று நினைத்துக்கொண்டார். மகள் கால்களை மடக்கி அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்து காத்திருந்தாள்.

"எப்போப்பா முடிப்பீங்க?"

"கிளம்பிடுச்சும்மா," என்றார் அவர், தலையைத் தூக்காமல். "வந்துக்கிட்டே இருக்கு."