உடையாத நம்பர்

ஈஜிபுரா சிக்னலருகே குடை விரித்து சிம் கார்டு விற்கும் ரமாவுக்கு முப்பத்துநான்கு வயது. வருகிறவர்களில் பாதிப் பேருக்கு, இலக்கங்களைக் கூட்டினால் ஒன்பது வரும் நம்பர்தான் வேண்டும். ஒன்பது ராசியாம். ராசியாவது மண்ணாவது! கூட்டுத்தொகை ஒன்பதானால் அந்த எண் ஒன்பதால் மீதியில்லாமல் வகுபட்டுவிடும். தொட்டவுடன் உடைகிற சரக்கைத்தான் ஊரே கேட்டு வாங்குகிறது. ரமா சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுப்பாள்.

அவளுடைய சொந்த நம்பர் வேறு ரகம். பத்து இலக்கமும் சேர்ந்து ஒரு பகா எண். ஒன்றையும் தன்னையும் தவிர எதற்கும் மசியாது. பி.எஸ்ஸி. கணக்கை இரண்டாம் வருடத்தோடு விட்டவள், ஆள் வராத நேரங்களில் கால்குலேட்டரும் கையுமாக உட்கார்ந்து அதை நிரூபித்தாள். வர்க்கமூலம் வரை வகுத்துப் பார்த்தால் போதும். அதற்கு மேல் ஏதாவது வகுக்குமானால் அதன் ஜோடி கீழேயே அகப்பட்டிருக்கும். போதும் என்று சொல்வது சுலபம். வகுக்க வேண்டிய பகா எண்கள் ஒன்பதாயிரத்துச் சொச்சம்! போனில் கேட்டால் நொடியில் சொல்லுமே என்றால், "மோந்து பாத்தா பசி ஆறுமா?" என்பாள். கடைசி வகுத்தலிலும் மீதி விழுந்த அன்று குடைக்கடியில் உட்கார்ந்து அழுதாள். சந்தோஷத்தில்தான்.

அந்த நம்பரே அவள் கல்யாணத்துக்கு வினையாக வந்தது. மர்பி டவுன் சீனு, கூரியர் வண்டி ஓட்டுகிறவன், அவளுக்கு மனசுக்குப் பிடித்துப்போன முதல் வரன். முகூர்த்தத்துக்கு ஒரு மாதம் இருக்கையில் அவன் அம்மா காந்தா மகனையும் கூட்டிக்கொண்டு குடைக்கே வந்துவிட்டார்.

"உன் நம்பரைக் கூட்டினா எட்டு வருதாம்மா. சனி நம்பர்னு ஜோசியர் சொல்றார். சும்னே, ஒண்ணுமில்லாத ஒரு சிம்முக்காக எதுக்கு ரோதனை? மாத்திடு. இல்லேன்னா இந்தக் கல்யாணம் வேணாம்."

ரமா சீனுவைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பெட்டி நிறைய ஒன்பதுகள் இருந்தன. ஒரு நிமிட வேலை. கை பெட்டிவரை போய்த் திரும்பி வந்தது.

"மாட்டேன் அத்தை. இது நான் சம்பாதிச்சது."

"என் பையன் நம்பரைப் பாரு, ஒன்பது. அதான் நல்லா இருக்கான்."

"ஒன்பதுன்னா ஒன்பதாலயே உடைஞ்சிடும் அத்தை."

சீனு நிமிர்ந்தான். அவளுடைய கால்குலேட்டரை எடுத்துத் தன் நம்பரை ஒன்பதால் வகுத்தான். மீதியே இல்லை. அவள் நம்பரை வகுத்தான். புள்ளிக்குப் பின்னால் எட்டு எட்டாக நீண்டுகொண்டு போயிற்று.

"எனக்கும் இந்த மாதிரி ஒண்ணு கிடைக்குமா?"

"கிடைச்சாலும் முழுசா வகுத்துப் பாக்கணும். எனக்குப் பதிமூணு மாசம் ஆச்சு."

"ரெண்டு பேர் வகுத்தா?"

"டேய், கிளம்புடா!" என்று அதட்டினார் காந்தா. அவன் பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

ஆறரை மாதம் என்று சொல்ல வாயெடுத்த ரமா, அதை விட்டுக் கால்குலேட்டரை வாங்கி இருவருக்கும் நடுவில் வைத்தாள். அந்தக் கணக்கில் பாதியை நான் போடுகிறேன் என்று இதுவரை யாரும் அவளிடம் சொன்னதில்லை.