மருந்துத் தொட்டியைத் தாண்டிய செருப்பு

நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணையில் வேலை செய்கிறேன். பண்ணை ஆட்களின் உடல்நலத்தை ஆராய ஒரு வெளிநாட்டு மாணவி வந்தார். செருப்பை முக்கும் மருந்துத் தொட்டியில் கால் வைக்காமல் தாண்டி உள்ளே நடந்தார். கூச்சத்தில் நான் தடுக்கவில்லை. கிளம்பும்போதுதான், வேறொரு பண்ணையிலிருந்து நேராக வந்ததாக, மொழிபெயர்க்கத் துணைக்கு வந்த பெண் சொன்னார். செருப்பில் நோய் வந்திருந்தால்? கூண்டு கூண்டாக நடந்து, எந்தக் கோழியாவது இருமுகிறதா என்று காது கொடுத்தபடியே இருந்தேன்.

“ஏனுங்க, கோழியெல்லாம் நல்லாத் திங்குது. நீங்கதான் திங்கறதில்ல” என்றாள் மனைவி.

நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. மறுவாரம் மாணவி வந்ததும், “செருப்பை முக்கிட்டு வாங்க” என்றேன்.

“அன்னிக்கே ஏன் சொல்லலைன்னு கேக்கறாங்கண்ணா” என்றார் துணைப்பெண்.

“வெக்கமா இருந்துச்சுங்க.”

இப்போது முதலாளியிடமும் செருப்பை முக்கச் சொல்கிறேன், தரையைப் பார்த்தபடிதான். செருப்பு நனைந்ததா என்று அங்கேதானே தெரியும்.